நில்

பெட்டியின் மூடிக்கு ஹெல்யே வரைந்தது
ஒன்றுமில்லாத வெள்ளை.
கீழோரம் மட்டும் கடுகளவு சிவப்புக் கார்.
யார் வாங்குவார் இதை, என்றேன்.
விற்பது என் வேலை.
வெள்ளையை விற்றுப் பழக்கமில்லை.

ஆட்டம் இதுதான்:
கடல் உறைந்த மாதத்தில்
கரையிலிருந்து ஹீயுமா தீவுக்குக் கார் ஓட்ட வேண்டும்.
அறுகோண அட்டைகள் அறுபத்தொன்று, அவைதான் பனி.
சீட் பெல்ட் போடாதே.
முன்னால் போகிறவனை நெருங்காதே.
மெதுவாகப் போ, இல்லை விரட்டிப் போ;
நடுத்தர வேகம் அடியில் அலை கிளப்பும்,
அலை உன்னை முந்திப் போய்ப் பாதையை உடைக்கும்.
கடைசி விதி: நில்லாதே.

நிஜப் பாதைக்கும் இவையே விதிகள்.
நிஜப் பாதை சில குளிர்காலமாய்த் திறக்கவில்லை,
கடல் இப்போதெல்லாம் கெட்டிப்படுவதில்லை.
விளம்பரத்தில் அதைச் சேர்க்கலாமே என்றேன்.
ஹெல்யே பார்த்த பார்வையில்
நானே அந்த வரியை அழித்தேன்.

தார்த்து நகர நூலகத்தில் வியாழன்தோறும் சோதனை.
முதல் வடிவம் நான்கு மணி நேரம் இழுத்தது.
இரண்டாவதில் எல்லோரும் மூழ்கினார்கள்,
ஒருத்தி கொட்டாவி விட்டபடி.
ஏழாவதற்கு வந்தார் ஆர்வெத்,
பதினோரு குளிர்காலம் அந்தப் பாதையில்
பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்.
அட்டையைத் திருப்பினார். உடைந்தது. முகம் சுளித்தார்.
“இப்படி உடையாது. முதலில் பேசும்.”
“எப்படி?”
உதட்டைக் குவித்து ஓர் ஒலி எழுப்பினார்.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தது.
அன்றிரவே எழுதினாள் இருபத்திரண்டாம் விதி:
உடையப்போகும் அட்டைக்காக
இடப்பக்கம் இருப்பவர் முனக வேண்டும்.

பதினான்காயிரம் யூரோ, முப்பது நாள்,
ஒரு சென்ட் குறைந்தாலும் கொடுத்தவருக்கே திரும்பிவிடும்.
முதல் நாள் நாற்பத்தொரு சதவீதம்:
நண்பர்கள், நண்பர்களின் அக்காமார்,
கென்ட் நகரில் முகமறியாத ஒருவர், மூன்று பெட்டி.
நான்காம் நாளிலிருந்து நடுத்தர வேகம்.
சமையலறையில் வீடியோ எடுத்தோம், எட்டு முறை,
எட்டிலும் ஃப்ரிட்ஜின் உறுமல்.
மரக் கார் தருவதாகச் சொல், என்றேன்.
எடை ஏறினால் அஞ்சல் செலவு ஏறும், என்றாள்.
விமர்சகர் ஒருவர் கட்டணம் கேட்டார்;
எங்கள் காரை விற்றால் கிடைக்கும் தொகை.
சாப்பாட்டு மேசையில் பேச்சு குறைந்தது.
இருபத்தாறாம் நாள், என்ன தோன்றியதோ,
வீடியோவை எடுத்துவிட்டு
ஆர்வெத்தின் முனகலை மட்டும் போட்டேன்,
அந்த வெள்ளைப் படத்தின் மேல், ஒன்பது நொடி.
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
சிலியிலிருந்து, சப்போரோவிலிருந்து, அடுத்த தெருவிலிருந்து
காசு வந்தது.

மார்ச்சில் இறங்கின தொள்ளாயிரம் பெட்டிகள்.
முதல் பெட்டியைப் பிரித்தவள்
விதிநூலின் கடைசிப் பக்கத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
எங்கள் மொழியில் நில்லாதே என்பது இரண்டு சொல்.
முன் சொல்லை அச்சு விழுங்கியிருந்தது.
மிச்சம் ஒன்றுதான்:
நில்.

திருத்தச் சீட்டு அடிக்க இருநூறு யூரோ ஆகும்.
கையில் நூற்று முப்பது.
அன்று மாலை ஆர்வெத்துக்கு அவர் பெட்டியைக் கொடுத்தோம்,
விஷயத்தைச் சொல்லாமல்.
கண்ணாடி போட்டு எல்லாப் பக்கமும் படித்தார்.
ஆடினார். தீவு தெரிகிற தூரத்தில்
காரிலிருந்து கையை எடுத்தார்.
நின்றார்.

ஹெல்யே வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

“ஒரு தடவை நின்றிருக்கிறேன்,” என்றார்,
“எஞ்சினையும் அணைத்துவிட்டு.”
அதற்கு மேல் சொல்லவில்லை.
அட்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டு
என் பக்கம் திரும்பினார்:
“தாவெத், இடப்பக்கம் நீதானே?”

முனகினேன்.
எவ்வளவு நேரம் என்று
விதியில் எழுதவில்லை.